நட்சத்திரம் எந்தப் பெயருக்குப் பக்கத்தில்?

தெரியாத ஊரில் பிழையான வீட்டுக் கதவைத் தட்டினால்கூட யாராவது எட்டிப் பார்த்து "ஆரு?" என்று கேட்பார்கள், எங்கள் தொழிலில் பிழையான கதவும் ஒன்றும் கேட்காமல் திறந்துவிடும்.

மட்டக்களப்பு நகரில், வாவிக்கரைப் பக்கம், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் கந்தோர், அதுதான் அலுவலகம். துணிக்கடை, அரிசி ஆலை, மீனவர் சங்கம் என்று பல இடங்களில் இருக்கும் கொம்பியூட்டர்களை இருந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வது வேலை. அதற்கு ஒரு கறுப்புத் திரை. படம் இல்லை, பொத்தான் இல்லை. எல்லாமே கட்டளை, கையால் தட்ட வேண்டும். ஒவ்வொரு வாடிக்கையாளரின் இயந்திரத்துக்கும் போகிற வழியை, அதாவது அதன் முகவரி, எந்த வாசல், யார் பெயரில் நுழைவது, எந்தச் சாவி என்பதையெல்லாம், ஒரு பெயர் போட்டுச் சேமித்து வைப்போம். அடுத்த முறை பெயரை மட்டும் தட்டினால் போதும். பட்டியலில் எந்தப் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி நிற்கிறதோ, வேறு சொல்லும்வரை எல்லாக் கட்டளையும் அங்கேதான் போகும்.

இதே மாதிரிக் கறுப்புத் திரைக்கு முன்னால் குந்தியிருந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் சகோதர சகோதரிகளே, அந்த நட்சத்திரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகத்தான் சொல்கிறேன்.

டெஸ்ட், டெஸ்ட்2, டெஸ்ட்டில்ல

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் கட்டாருக்குப் போய்விட்டார். நானும் காத்தான்குடி நஸ்லியாவும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். முதலாளி சிவநேசன் அண்ணன், "எல்லாம் சேமிச்சுக் கிடக்கு, பேரைத் தட்டினாச் சரி" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பட்டியலைத் திறந்து பார்த்தோம். கடை, கடை2, புதுக்கடை, புதுசு, டெஸ்ட், டெஸ்ட்2, டெஸ்ட்டில்ல. எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேருக்கு மேல் கடை வைத்திருப்பவர்கள். இதில் எது எவருடைய கடை?

நஸ்லியா ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு பெயராக உள்ளே போய், அங்கே இருக்கிற பிரிண்டரில் 'வணக்கம், இந்தத் தாள் வந்தால் எங்களுக்குப் போன் எடுங்கள்' என்று அடித்துவிடுவது. யார் எடுக்கிறார்களோ அவர்தான் அந்தப் பெயர். 'கடை'க்கு அடித்தோம், செங்கலடியில் இருந்து ஒரு ஹாட்வெயார்க்காரர் எடுத்தார். 'கடை2'க்கு அடித்தோம், போன் வரவில்லை. கொஞ்சத்தில் படியேறி வரும் சத்தம். கீழே இருக்கும் மருந்துக் கடைக்காரர் எங்கள் வாசலில் கையில் தாளோடு நிற்கிறார். "வணக்கம் சொல்லுறதெண்டா இறங்கி வந்து சொல்லலாமே புள்ளையள்" என்றார்.

கடைசியில் மூன்று டெஸ்ட்டும் மிஞ்சின. தாளும் வரவில்லை, போனும் வரவில்லை. கட்டாரில் இருக்கிறவரிடம் வட்ஸ்அப்பில் கேட்டோம். அவர் பாவம், சாப்பாட்டு நேரத்தில் குரல்பதிவு போட்டு அனுப்பினார்: "டெஸ்ட் எண்டு இரிக்கிறது பெரிய ஆஸ்பத்திரி லாப் ஒண்டு, கவனம், டெஸ்ட்2 சும்மா, டெஸ்ட்டில்ல எண்டத மட்டும் தொட்டிராதீங்க, அது என்னெண்டு எனக்கும் தெரியா."

கோபக்காரர்

அந்தக் குரல்பதிவைக் கேட்ட பிறகு, எல்லாப் பெயரையும் மாற்ற சிவநேசன் அண்ணன் சம்மதித்தார். நஸ்லியாவின் கொள்கை என்னவென்றால், பெயரைப் பார்த்ததும் ஆள் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். கை தானாகக் கவனமாகிவிடும். அப்படித்தான் வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் அரிசி ஆலை வைத்திருக்கும் தம்பிராசா ஐயாவின் இயந்திரம் 'கோபக்காரர்' ஆனது. அவர் போன் எடுத்தால் ஸ்பீக்கர் போடத் தேவையில்லை. அறை முழுக்கக் கேட்கும். நெல் ஈரமாக வந்தாலும் எங்களைத்தான் ஏசுவார்.

ஒருநாள் முன்னறிவிப்பில்லாமல் கந்தோருக்கே வந்துவிட்டார். ஏதோ கணக்கு ஒழுங்காக ஏறவில்லையாம், தன் கண்ணாலேயே பார்க்க வேண்டுமாம். கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். பட்டியலைத் திறக்காமல் அவருடைய இயந்திரத்துக்குப் போக எனக்கு வழி இல்லை. நஸ்லியா அவசரமாகத் தேத்தண்ணி வைக்கப் போனாள், அதாவது தப்பித்துவிட்டாள். பட்டியல் விரிந்தது. ஐயா மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, திரையில் விரல் வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தார். "கோ... ப... க்கா... ரர்."

"இது ஆரு?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. "நீங்கதான் ஐயா" என்றேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு அந்தப் பெரிய உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரிப்பு. சிரிப்பும் அவருக்கு ஏச்சு மாதிரியே சத்தம்தான். போகும்போது கதவில் நின்று, நஸ்லியாவுக்கும் கேட்கட்டும் என்று சொன்னார்: "என்ட மனிசியும் இதே பேரத்தான் போனில போட்டிரிக்கா, மாத்திப்போடாதீங்க."

என்ன கனெக்ஷன்?

வீட்டில் அம்மாவுக்கு என் வேலையை விளக்க நான் எடுத்த பாடு தனிக்கதை. கடைசியில் அவ தனக்கு விளங்கினபடி, "மகள் கனெக்ஷன் குடுக்கிற இடத்தில வேலை" என்று ஊருக்குச் சொல்லிவிட்டா. பக்கத்து வளவு ராசாத்தி மாமி வந்து, புது வீட்டுக்கு மின்சாரம் இழுக்க எவ்வளவு நாள் பிடிக்கும், நீ ஒரு சொல்லுச் சொன்னால் சுறுக்காக வருமா என்று கேட்டா. நான் இருத்தி வைத்து, லப்டொப்பையும் திறந்து காட்டி, இஞ்ச இருந்து தட்டினால் அங்கே வாழைச்சேனையில் ஒரு இயந்திரம் கேட்கும் என்று எல்லாம் சொன்னேன். மாமி பொறுமையாகக் கேட்டா, தலையும் ஆட்டினா. எழும்பிப் போகும்போதுதான் திரும்பி நின்றா.

"அப்ப கரண்டுமில்ல, தண்ணியுமில்ல, போனுமில்ல, மறுகா என்னத்தத்தான் புள்ள கனெக்ஷன் குடுக்கிறாய்?"

காக்காவும் தம்பியும்

கறுப்புத் திரையில் ஓடும் எங்கள் கருவி இப்போது ஒரு கடையின் பெயரில் செய்தி அனுப்பும் முன் 'எந்தக் கடை? பெயரை எழுதுங்கள்' என்று கேட்கும். எழுதாவிட்டால் அசையாது. அதைக் கேட்க வைத்ததற்கு ஒரு காரணம் உண்டு.

காத்தான்குடியில் ஒரே தெருவில் எதிரெதிராக இரண்டு துணிக்கடை. ஒன்று மூத்தவருடையது, எல்லோரும் ஹாஜியார் என்பார்கள். மற்றது அவருடைய தம்பி ஜவாதுடையது. வாப்பா மௌத்தாகி இல்லாமல் போன பிறகு கடையைப் பிரித்ததில் என்னவோ மனக்கசப்பு. அதிலிருந்து பேச்சு இல்லை. ஒருவர் வாசலில் வந்து நின்றால் மற்றவர் உள்ளே போய்விடுவார். இரண்டு பேரும் எங்கள் வாடிக்கையாளர். ஒருவரைப் பற்றி மற்றவர் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பட்டியலில் மூத்தவரின் இயந்திரத்துக்கு 'காக்கா', அதாவது அண்ணன், இளையவரின் இயந்திரத்துக்கு 'தம்பி' என்று நஸ்லியாதான் பெயர் வைத்தாள். ஊர்க்காரி, அவளுக்குத் தெரியும்.

நோன்புப் பெருநாள் நெருங்கியிருந்தது. ஜவாது தன் வாடிக்கையாளர் எல்லோருக்கும் போனில் ஒரு செய்தி போட வேண்டும் என்றார். அவரே எழுதித் தந்தது: 'பெருநாள் புதுச் சரக்கு வந்திரிக்கி. தம்பிட கடைக்குக் குடும்பத்தோட வாங்க.' ஊரில் அந்தக் கடைக்குப் பெயரே தம்பிட கடைதான். நஸ்லியா காலையில் ஹாஜியார் கடையின் பில் பிரிண்டரைச் சரிசெய்திருந்தாள். அது முடிந்து, இடையில் இரண்டு போன் பேசி, வந்து உட்கார்ந்து, செய்தி அனுப்பும் கட்டளையைத் தட்டினாள். போய்விட்டது. அதன் பிறகுதான் என் தோளைப் பிடித்தாள். "மாலா, நட்சத்திரத்தப் பாருகா."

நட்சத்திரம் 'காக்கா'வுக்குப் பக்கத்தில் நின்றது.

விளங்குகிறதா? ஹாஜியாருடைய கடையின் பெயரில், ஹாஜியாருடைய வாடிக்கையாளர் எல்லோருக்கும், தம்பியின் கடைக்கு வாருங்கள் என்று அழைப்புப் போயிருக்கிறது. போன செய்தியைத் திருப்பி எடுக்கக் கட்டளை கிடையாது. சிவநேசன் அண்ணன் ஹெல்மட்டை எடுத்தார், தான் போய்ச் சொல்கிறேன் என்று. நஸ்லியா விடவில்லை. "இல்லண்ணன், என்ட கைதானே அடிச்சது. நானே போறன்" என்றாள். அவளைத் தனியே விட மனமில்லாமல் நானும் பஸ் ஏறினேன். வேலை போனால் போகட்டும், அந்த மனிசன்ட முகத்த எப்பிடிப் பாக்கிற என்பதுதான் வழிநெடுக அவளுடைய கவலை.

கடைக்குள் சனம். ஹாஜியார் காசு மேசையில், போன் கையில். எங்களைக் கண்டதும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நஸ்லியா வாயைத் திறக்கும் முன்னம் வாசலில் ஒரு ஆள். ஜவாது. அந்தப் படியை அவர் மிதித்து எவ்வளவு காலமோ, துணி மடித்துக்கொண்டிருந்த பெண்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். உள்ளே வரலாமா வேண்டாமா என்று நிற்கிற மாதிரி நின்றார். பிறகு சொன்னார், "காக்கா, மெசேஜ் கண்டன். என்ட கடைக்கு ஆக்கள் வந்து காட்டினாங்க."

ஹாஜியார் போனைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது, எனக்கு அது தெரிந்தது. இப்போது சொல்லப்போகிறார், இது இந்தப் பெண்கள் விட்ட பிழை என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் தம்பியைப் பார்த்தார். "இண்டைக்கு நோன்பு துறக்க ஊட்டுக்கு வா. புள்ளைகளையும் கூட்டிட்டு வா" என்றார். ஜவாது தலையை ஆட்டினார், முகத்தைத் திருப்பிக்கொண்டு விறுவிறென்று தெருவைக் கடந்து போனார்.

நஸ்லியா அழுதுகொண்டே, "ஹாஜியார், அந்த மெசேஜ்..." என்று தொடங்கினாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சனத்துக்குக் கேட்காமல் மேசைக்கு மேல் குனிந்து, மெதுவாகச் சொன்னார்: "மவள், அது பிழையாப் போன மெசேஜ் எண்டு இந்தத் தெருவில ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க."

சாவி மாறிப்போச்சு

சொல்லாதே என்றதை இப்போது சொல்கிறாயே என்று கேட்பீர்கள். ஹாஜியாரே தம்பியிடம் பிறகு சொல்லிவிட்டார். அந்தக் கதையை இப்போது கடையில் வைத்துச் சிரித்துச் சிரித்துச் சொல்கிறவர் ஜவாதுதான். ஆகவே என் வாயில் பிழையில்லை. ஆனால் வாயால் வந்த பிழை ஒன்று இருக்கிறது, அது மாங்கேணிக் கதை.

மாங்கேணியில் மீனவர் சங்கத்துக்கு ஒரு ஐஸ் அறை இருக்கிறது. அறை எவ்வளவு குளிரில் இருக்கிறது என்பதை அங்கே ஒரு சின்ன இயந்திரம் விடாமல் குறித்துக்கொண்டிருக்கும். குளிர் குறைந்தால் எங்களுக்குத் தெரியும், நாங்கள் செயலாளர் யோகன் அண்ணனுக்குச் சொல்லுவோம். பழைய இயந்திரம் உப்புக்காற்றில் பழுதாகி, புதிது வைத்தோம். அடுத்த நாள் நான் உள்ளே போகப் பார்த்தால் கருவி மறுக்கிறது: சேமித்து வைத்த சாவி இந்த இயந்திரத்தின் சாவி இல்லை, யாரோ ஏமாற்றவும் கூடும், கவனம் என்று எச்சரிக்கிறது. இந்தச் சாவி என்பது வெறும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு நீட்டு வரி. புது இயந்திரத்தின் திரையில் அது தெரியும். பார்த்துச் சொன்னால் போதும். நான் யோகன் அண்ணனுக்குப் போன் எடுத்து, அந்த விளக்கம் ஒன்றும் இல்லாமல், "அண்ணன், உங்கட சாவி மாறிப்போச்சு, புதுச் சாவி எங்களுக்கு வேணும்" என்றேன். "அதுக்கென்ன தங்கச்சி" என்று வைத்தார்.

மறுநாள் காலையில் பஸ் ஏறி ஆள் வந்து நிற்கிறார். ஒரு கையில் எங்களுக்குக் கருவாட்டுப் பொதி. மறு கையில் சங்கத்துச் சாவிக்கொத்து முழுவதும். எது வேணும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் கொண்டு வந்தாராம். அதோடு, பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டுமே என்று ஐஸ் அறையின் பெரிய ஆமைப்பூட்டும். எனக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. நான் பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவருடைய போன் அடித்தது. வள்ளங்கள் கரைக்கு வந்துவிட்டன, கூடை கூடையாக மீன் வெயிலில் கிடக்கிறது, ஐஸ் அறைச் சாவியைக் காணவில்லை என்று அந்தப் பக்கம் ஒரே கூச்சல். எனக்கும் நஸ்லியாவுக்கும் அவருக்கும் முகம் செத்துவிட்டது.

யோகன் அண்ணன் கையில் இருந்த பூட்டைப் பார்த்தார். பிறகு போனுக்குள் சத்தம் போட்டுச் சொன்னார்: "டேய், கதவத் தள்ளுங்கடா, பூட்டு என்ட கையிலதான் இரிக்கு!"

பதில் இல்லை

ஒரு மாரிக் காலத்தில் மழையும் காற்றும் சேர்ந்து அடித்தது. வாவி ஏறித் தெருவுக்கு வந்தது. மாங்கேணி இருக்கும் வாகரைப் பக்கம் போகிற பாதை வெட்டுப்பட்டுப் போய்விட்டது. மழை விட்டு, நகரத்துக்கு மின்சாரம் வந்த அன்று காலையில் கந்தோருக்குப் போய், சேமித்த இணைப்புகள் எல்லாவற்றையும் சோதிக்கும் கட்டளையைத் தட்டினேன். பதில் இல்லை. பதில் இல்லை. பதில் இல்லை. மேலிருந்து கீழ்வரை அதுவேதான். வேலை தொடங்கிய நாளில் இருந்து அப்படி ஒரு பட்டியலை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் எனக்குக் குரல் தெரிந்த ஒரு ஆள்.

போன் எடுக்கத் தொடங்கினோம். எடுத்தவர்களிடம் கொம்பியூட்டரைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை; வீட்டில் எல்லோரும் சுகமா என்றுதான் கேட்டோம். எங்களுக்குக் கீழே இருக்கும் மருந்துக் கடையின் இணைப்பு முதலில் வந்தது. பிறகு காக்காவும் தம்பியும், கிட்டத்தட்ட ஒன்றாக. தம்பிராசா ஐயா தானே போன் எடுத்து, இயந்திரத்தை நெல் மூடைக்கு மேல் ஏற்றிவைத்து, அதற்குக் குடையும் பிடித்தேன் என்று கத்தினார். அந்தக் கத்தலைக் கேட்டு நஸ்லியா, "அல்ஹம்துலில்லாஹ், ஆள் நல்லாத்தான் இரிக்கார்" என்றாள். ஒன்று ஒன்றாக வரிகள் திரும்பி வந்தன. மாங்கேணி மட்டும் வரவில்லை. யோகன் அண்ணனின் போன் அடிக்கவே இல்லை. அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

சிவநேசன் அண்ணன் பட்டியலைத் துப்புரவாக வைத்திருக்க விரும்புகிற ஆள். "அந்த மெசின் தண்ணியில போயிருக்கும். அத எடுத்துவிடுங்க, பிறகு புதுசாப் போடுவம்" என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை, அப்படித்தான் செய்வோம். ஆனால் நஸ்லியா விசைப்பலகையில் இருந்து கையை எடுத்துக்கொண்டாள். "அண்ணன், அது அப்பிடியே கிடக்கட்டும். அழிச்சாப்போல, மறுகா ஆரக் கூப்பிடுற?" என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய் யன்னலைத் திறந்துவிட்டார். நான் சோதனைக் கட்டளையைத் தட்டிக்கொண்டே இருந்தேன். தேத்தண்ணி குடிக்கும்போது ஒருமுறை, போன் பேசி முடித்தால் ஒருமுறை.

ஒருநாள் வெயில் நன்றாக ஏறிய பிறகு, வரி மாறியது. மாங்கேணி: இணைந்தது. நான் போட்ட சத்தத்தில் மருந்துக் கடைக்காரர் மேலே ஓடி வந்துவிட்டார். இயந்திரத்துக்குள் போய்ப் பார்த்தோம். ஐஸ் அறையின் சூடு தெரிந்தது, வெளியே வெயில் அளவுக்கு. பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அது குறைந்தது. இன்னும் கொஞ்சம் குறைந்தது. நான்கு பேரும் திரையைச் சுற்றி நின்று, ஒரு அறை குளிர்வதை வாய் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குள் தெரியாத எண்ணில் இருந்து அழைப்பு. யாருடையவோ போனில் யோகன் அண்ணன். கடல் தெருவரை வந்ததாம்; சனமெல்லாம் பள்ளிக்கூட மாடியில்; முதலில் பிள்ளைகளை ஏற்றி, பிறகு வலைகளை ஏற்றி, பிறகு எங்கள் இயந்திரத்தைப் பொலித்தீனில் சுற்றி ஏற்றினார்களாம். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. தன் போன்தான் வெள்ளத்தோடு போய்விட்டது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, கொஞ்சம் தயங்கிக் கேட்டார்: "தங்கச்சி, வள்ளங்களும் இறங்கிற்று, ஐஸ் அறையும் குளிருது, உங்கட பட்டியலில எங்கட பேர் இன்னும் இரிக்கா?"

ஆக, கட்டளை தட்டிப் பிழைக்கும் நண்பர்களே, ஒரு இணைப்பைச் சேர்க்க ஒரு வரி, அழிக்க ஒரு வரி, மிச்ச வேலை முழுவதும் போனில்தான்.